சளிக் கோப்பையிலிருந்து கல்ச்சர் குழாய் வரை: காசநோய்க் கிருமியும் அதன் சொந்தங்களும் – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இருமல், சளிப் பரிசோதனை, ஆறாத புண் பற்றியவை. எல்லாமே சுற்றிச் சுற்றி மைக்கோபற்றீரியா என்ற ஒரே கிருமிக் குடும்பத்துக்குத்தான் வந்து நிற்கின்றன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். பதில் எழுதியிருப்பவர்கள் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் பணிபுரிபவர்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

அப்பாவுக்கு 64 வயது, நீரிழிவும் உண்டு. மூன்று கிழமைக்கு மேலாக இருமல். சளி கொடுத்தோம், ‘கிருமி இல்லை’ என்று வந்தது. ஆனால் வைத்தியர் மறுபடியும் சளி கொண்டுவரச் சொல்கிறார். முதல் பரிசோதனை பிழையா?
– வாசகி, வெள்ளவத்தை

பிழை என்று சொல்ல முடியாது. ‘பார்த்த இடத்தில் கிருமி காணப்படவில்லை’ என்பதுதான் அந்த அறிக்கையின் பொருள். அதை ‘நோய் இல்லை’ என்று வாசிக்கக் கூடாது. நுணுக்குக்காட்டியில் ஒருவர் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு மில்லிலீற்றர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருக்க வேண்டும். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, 10 முதல் 100 போதும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். வைத்தியர் விடாமல் கேட்பது சரிதான்.

எங்கள் மேசைக்கு வரும் கோப்பைகளில் பல, திறந்தவுடனேயே பயனற்றவை என்று தெரிந்துவிடும். உள்ளே தண்ணீர் போல நுரையோடு மிதப்பது சளியல்ல, எச்சில். எச்சிலில் எவ்வளவு தேடினாலும் நுரையீரல் கிருமி கிடைக்காது. அதனால் அப்பா எப்படிச் சளி எடுக்கிறார் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள்.

காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கும் தேநீருக்கும் முன்னால் எடுக்க வேண்டும். இரவு முழுக்க நெஞ்சில் தேங்கியது அப்போதுதான் வெளியே வரும். முதலில் கொதித்தாறிய தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளிக்கட்டும். பற்பசை, மவுத்வாஷ் வேண்டாம், அவற்றில் உள்ள மருந்து கல்ச்சரைக் கெடுக்கும். பைப் தண்ணீரிலேயே வேறு மைக்கோபற்றீரியா இருக்கலாம் என்பதால்தான் கொதித்தாறியது என்கிறோம். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஆழமாக மூச்சிழுத்து, சில விநாடி அடக்கி, மெல்ல விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் தொண்டையைச் செருமாமல் அடிவயிற்றிலிருந்து இரும வேண்டும். வருவது கெட்டியாக, மஞ்சளாக அல்லது பச்சையாக, நூல் போல இழுபட்டால் அதுதான் வேண்டியது. இரத்தக் கோடு தெரிந்தாலும் பரவாயில்லை. 3 முதல் 5 மில்லிலீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி வரும்வரை திரும்பத் திரும்ப இருமட்டும். இதைக் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யக் கூடாது. மொட்டைமாடியோ பல்கனியோ, காற்று ஓடும் இடமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும்.

பெயரைக் கோப்பையின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால், பத்து மூடியைக் கழற்றி வைக்கும் மேசையில் அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. மூடியை இறுக்கி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தாமதமானால் இரண்டு பைக்குள் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் சாப்பாட்டுக்கு விலக்கி வையுங்கள். உறைய வைக்க வேண்டாம். மதிய வெயிலில் முச்சக்கர வண்டியில் ஒன்றரை மணித்தியாலம் சுற்றிவரும் சளியில் வாய்க் கிருமிகள் பெருகி, கல்ச்சர் குழாயை முந்திக்கொண்டு நிரப்பிவிடும்.

இன்னொன்று: இடையில் பாமசியில் லெவோபுளொக்சசின், சிப்ரோபுளொக்சசின் வாங்கிக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இவை காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கும். நோய் தீராது, ஆனால் சளியில் கிருமி தெரியாமல் போகும். கண்டுபிடிப்பது தள்ளிப்போவதோடு, மருந்துக்கு அசையாத கிருமி உருவாகவும் அது வழிவிடும். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும்.

சளியே வராவிட்டால் வைத்தியசாலையில் உப்புக் கரைசலை நெபியூலைசரில் பிடிக்க வைத்து எடுப்பார்கள். வீட்டில் வலிந்து இருமி எச்சிலால் கோப்பையை நிரப்பாதீர்கள்.

மாமிக்குக் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். சிறிய தொடர்மாடி வீடு. கோப்பை, பீங்கான் எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம். 3 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள். வேறென்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பீங்கானைத் தனியாக வைக்கத் தேவையில்லை. இது காற்றால் மட்டுமே பரவுகிறது. இருமும்போது கிளம்பும் துளி காய்ந்து, ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள துகளாக, அடைத்த அறையில் மணிக்கணக்காக மிதக்கும். கதவையும் யன்னலையும் திறந்து வையுங்கள். மின்விசிறியை மாமியின் முதுகுப்பக்கம் வைத்து யன்னலைப் பார்க்கத் திருப்புங்கள். அறையிலிருந்து கூடத்துக்கு ஊதும்படி வைத்தால் கிருமியை வீட்டுக்குள் நீங்களே பரப்புகிறீர்கள். முதல் கிழமைகளில் மாமி முகக்கவசம் அணியட்டும், பிள்ளைகள் வேறு அறையில் படுக்கட்டும். மருந்து கிருமிக்கு வேலைசெய்து, ஒழுங்காகவும் விழுங்கினால் ஏறக்குறைய இரண்டு கிழமையில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

பிள்ளைகள் இருவரையும் உடனே மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். இருமல் இல்லாவிட்டாலும் போக வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்தக் கிருமி சில மாதங்களிலேயே மூளை உறை வரை போகக்கூடியது. நோய் இல்லை என்று உறுதிசெய்த பின் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். மாமியோடு பேசாமல், ஒட்டாமல் ஒதுக்கி வைப்பது மட்டும் வேண்டாம். மருந்தை நடுவில் விடுபவர்களில் பலர் அந்த ஒதுக்கலால்தான் விடுகிறார்கள்.

ஆய்வுகூடத் தொழினுட்பவியல் படிக்கிறேன். காசநோய்க் கிருமியைச் சிவப்பாகக் காட்டும் சீல்-நீல்சன் முறையில் நான் சாயமிடும் கண்ணாடி வழுக்கிகள் (சிலைட்) சில முழுவதும் சிவப்பாகவே நிற்கின்றன. சிலவற்றில், உறுதிசெய்யப்பட்ட நோயாளியின் சளியாக இருந்தும் ஒரு கிருமியும் தெரிவதில்லை. எங்கே பிழைக்கிறேன்?
– மாணவர், மருதானை

இரண்டும் வேறு வேறு பிழைகள். சாயம் எப்படிப் பிடிக்கிறது என்பது விளங்கினால் இரண்டும் பிடிபடும். இந்தக் கிருமியின் சுவரில் மைக்கோலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்பமிலம் அடுக்கடுக்காக இருக்கிறது. கிருமி மெழுகுக் கோட்டு ஒன்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த சாயம் அதற்குள் எளிதில் போகாது. வெப்பம் மெழுகை இளக்க, பீனோல் சாயத்தை உள்ளே கொண்டுபோகிறது. ஆறியபின் மெழுகு இறுகிவிடும். அதன்பின் அமில அற்ககோல் ஊற்றினாலும் சிவப்பு வெளியே வராது. மற்றக் கிருமிகளும் சளியும் சிவப்பை இழந்து நீலத்தை ஏற்கும்.

பூச்சிலிருந்து தொடங்குங்கள். புதிய வழுக்கி மட்டும். கழுவிய பழைய வழுக்கியில் முன்னைய நோயாளியின் கிருமி ஒட்டியிருக்கும், கீறலில் சாயமும் தங்கும். மூங்கில் குச்சியின் முனையை முறித்தால் தூரிகை மாதிரி வரும். அதால் சளியின் கெட்டியான மஞ்சள் கட்டியைத் தேடி எடுத்து, 2 சதம மீற்றர் நீளம், 1 சதம மீற்றர் அகலத்தில், சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றிப் பரப்புங்கள். காய்ந்த பின் வழுக்கியை நாளிதழுக்கு 4, 5 சதம மீற்றர் மேலே பிடியுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவே இல்லையென்றால் தடிப்பு அதிகம். தடித்த பூச்சு கழுவும்போது உரிந்து போகும், உரியாமல் நின்றால் நிறம் நீங்காது. நீங்கள் காணும் முழுச் சிவப்புக்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான்.

காற்றில் முழுமையாக உலர வேண்டும், 15 நிமிடமாவது. ஈரமாக இருக்கும்போதே சுவாலையில் காட்டினால் கிருமி ஆவியோடு எழும்பி உங்கள் மூக்குக்கு வரும். உலர்ந்த பின், பூச்சு மேலே பார்க்க, இரண்டு மூன்று முறை சுவாலைக்குள்ளால் கொண்டு போங்கள். அதற்கு மேல் கருக விட்டால் கிருமியின் சுவர் சிதைந்து சாயத்தைப் பிடிக்காது.

காபோல் பியூக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றிப் பூச்சை முழுதாக மூடுங்கள். அடியிலிருந்து ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். 1 சதவீதக் கரைசலானால் 10 நிமிடம் நிற்கட்டும். இடையில் ஓரம் காயத் தொடங்கினால் சாயம் சேருங்கள். காய்ந்த இடத்தில் படிகம் உருவாகி, கிருமி போலவே சிவந்த ஊசிகளாகத் தெரியும். அந்தக் கரைசல் ஒரு லீற்றருக்கு 10 கிராம் பேசிக் பியூக்சின், 100 மில்லிலீற்றர் அற்ககோல், 50 கிராம் பீனோல், மிகுதி காய்ச்சிவடித்த நீர். வடிதாள் வைத்து வடிகட்டாமல் பயன்படுத்தவே வேண்டாம். உறுதியான நோயாளியிலும் கிருமி தெரியவில்லை என்றீர்களே, பழைய சாயமா, போதாத சூடா என்று முதலில் பாருங்கள். போத்தலில் திகதி எழுதும் பழக்கம் இல்லாத இடங்களில் இந்தப் பிழை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் தொடரும்.

கழுவியபின் 3 சதவீத அமில அற்ககோல்: 97 மில்லிலீற்றர் எதனோலுக்குள் 3 மில்லிலீற்றர் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தை மெல்ல விடுங்கள். மூன்று நிமிடம். சிவப்பு இன்னும் வடிந்தால் கழுவிவிட்டு ஒரு முறை கூட ஊற்றலாம். பிறகு மெதிலீன் நீலம் ஒரு நிமிடம் போதும். நீலம் கடுமையானால் சிவந்த கோல்கள் அதற்குள் மறைந்துவிடும். வடிதாளால் ஒற்றாதீர்கள், சாய்த்து உலர விடுங்கள்.

கழுவும் தண்ணீரையும் சந்தேகியுங்கள். பைப்பிலும், நாள்பட்ட காய்ச்சிவடித்த நீர்க் கலன்களிலும் நோய் செய்யாத மைக்கோபற்றீரியா படலமாக வளரும். அவையும் இதே சாயத்தைப் பிடிக்கும். ஒரே நாளில் வரிசையாகப் பல வழுக்கிகளில் ஒன்றிரண்டு கோல்கள் தெரிந்தால் நோயாளிகளைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைச் சாயமிட்டுப் பாருங்கள்.

பார்வையிடும்போது 1000 மடங்கு உருப்பெருக்கம், 100 புலம் (நுணுக்குக்காட்டியில் ஒரு பார்வையில் தெரியும் வட்டமே ஒரு புலம்). ஒன்றும் இல்லையானால் மட்டுமே எதிர்மறை. நூறு புலத்தில் 1 முதல் 9 என்றால் எண்ணிக்கையையே எழுதுங்கள். 10 முதல் 99 வரை 1+. ஒரு புலத்துக்கு 1 முதல் 10 என்றால் 2+, அதற்கு 50 புலம் போதும். பத்துக்கு மேல் 3+, அதற்கு 20 புலம். எண்ணெய்ச் சொட்டியின் முனை வழுக்கியில் படக் கூடாது, வில்லையை ஒவ்வொரு வழுக்கிக்குப் பிறகும் துடையுங்கள். 3+ வழுக்கியிலிருந்து எண்ணெயோடு வந்த ஒரு கிருமி அடுத்தவரை ஆறு மாத மருந்தில் தள்ளிவிடும். ஒவ்வொரு புதிய சாயத் தொகுதிக்கும், கிருமி உள்ள ஒன்றும் இல்லாத ஒன்றுமாக இரண்டு கட்டுப்பாட்டு வழுக்கிகளைச் சேர்த்துச் சாயமிடுவதைக் கைவிட வேண்டாம்.

உயர்தர உயிரியல் மாணவி. ஈ.கோலை ஒரே இரவில் வளர்கிறது. காசநோய்க் கல்ச்சருக்கு ஏன் எட்டுக் கிழமை? இரண்டு மணித்தியாலத்தில் முடிவு தரும் இயந்திரம் இருக்கும்போது கல்ச்சர் எதற்கு?
– பம்பலப்பிட்டி

கணக்காகப் பாருங்கள். ஈ.கோலை நல்ல ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஏழு மணித்தியாலத்தில் 21 இரட்டிப்பு, ஒன்று இருபது இலட்சத்துக்கு மேலாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு ஒரு இரட்டிப்புக்கு 18 முதல் 24 மணித்தியாலம். இருபது என்றே வைத்தாலும் அதே 21 இரட்டிப்புக்கு 420 மணித்தியாலம், பதினேழரை நாள். அந்த மெழுகுச் சுவரைக் கட்டுவது செலவான வேலை. உணவும் அதனூடாக மெதுவாகவே உள்ளே போகும். றைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஆக்கும் பரம்பரையலகுத் தொகுதி ஈ.கோலையில் ஏழு, இதில் ஒன்றே ஒன்று. புரதம் செய்யும் ஆலை குறைவாக இருந்தால் உற்பத்தியும் மெதுவாகத்தானே இருக்கும். சிகிச்சையின் நீளத்துக்கும் வேர் இங்கேதான். பல மருந்துகள் பிரியும் கிருமியைத்தான் தாக்கும். மெதுவாகப் பிரிபவையும் உறங்குபவையும் தப்பி நிற்கும். அதனால் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து.

இந்த மெதுவான வளர்ச்சியால் ஆய்வுகூடத்தில் ஒரு சிக்கல் உண்டு. சளியில் வாய்க் கிருமிகள் ஏராளம். அவற்றை அழிக்காமல் விட்டால் மறுநாளே குழாயை நிரப்பிவிடும். அதனால் சளியில் சோடியம் ஐதரொட்சைட்டு சேர்க்கிறோம், கெட்டிச் சளியைக் கரைக்க என்-அசற்றைல் சிஸ்ரீனும் கூட. கலவையில் காரத்தின் இறுதிச் செறிவு 1 சதவீதம், நேரம் 15 முதல் 20 நிமிடம். பிறகு பி.எச். 6.8 பொஸ்பேற் தாங்கல் கரைசலால் ஐதாக்கி, புவியீர்ப்பின் 3,000 மடங்கு விசையில் 15 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்து இடுகிறோம். மெழுகுக் கோட்டு இருப்பதால் காசநோய்க் கிருமி தாங்கும், ஆனால் எல்லையின்றித் தாங்காது. தொலைபேசி வந்ததென்று ஐந்து பத்து நிமிடம் தாமதித்தால் தேடும் கிருமியும் செத்துவிடும். திண்ம ஊடகக் குழாய்களில் 2 முதல் 5 சதவீதம் வேறு கிருமியால் கெட்டுப்போவது நல்ல ஆய்வுகூடத்தின் அடையாளம். ஒன்றுமே கெடவில்லை என்று யாராவது பெருமைப்பட்டால் காரம் அளவுக்கு மீறிப்போகிறது என்று பொருள்.

ஊடகம் லொவென்ஸ்ரைன்-ஜென்சன். கோழிமுட்டை, கிளிசரோல், அஸ்பரஜின், உப்புகள், மற்றக் கிருமிகளை அடக்க மலக்கைற் பச்சை. குழாயைச் சாய்த்து 85 பாகை செல்சியசில் முக்கால் மணித்தியாலம் வைத்தால் முட்டை இறுகி இளம்பச்சை வட்டிலப்பம் போல நிற்கும். 37 பாகையில் வைத்த மூன்றாம் நான்காம் கிழமையில் அந்தப் பச்சைச் சரிவின்மேல், காய்ந்த பாண் தூளைத் தூவியதுபோல, மங்கல் மஞ்சளில் சொரசொரப்பான புள்ளிகள் எழும். கம்பி வளையத்தால் தொட்டால் எளிதில் உடையாது. நுணுக்குக்காட்டியில் கோல்கள் ஒன்றோடொன்று முறுகிக் கயிறாகக் கிடக்கும். எட்டாம் கிழமை முடிய ஒன்றும் இல்லையானால்தான் எதிர்மறை என்று எழுதுவோம். கிருமி மூச்சுவிட்டு ஒட்சிசன் குறைவதை ஒளிர்வால் அறியும் திரவ முறையில் 42 நாள். 1882 மார்ச் 24 அன்று பேர்லினில் றொபேட் கொக் இந்தக் கிருமியை அறிவித்தபோது, இறுகிய இரத்தப் பாயத்தில் அதை வளர்த்தும் காட்டியிருந்தார். இரண்டாம் நாளே குழாயை வீசியிருந்தால் அது அவருக்குக் கிடைத்திருக்காது.

இரண்டு மணித்தியால இயந்திரம் கிருமியின் டி.என்.ஏ.யைப் பெருக்கி, கூடவே றிபம்பிசின் என்ற முக்கிய காசநோய் மருந்துக்கு அசையாத தன்மை தரும் ஆர்.பி.ஓ.பி என்ற பரம்பரையலகின் மாற்றத்தையும் பார்க்கிறது. புதிய நோயாளிக்கு அதுபோல் உதவி வேறில்லை. ஆனால் செத்த கிருமியின் டி.என்.ஏ.யும் அதற்கு டி.என்.ஏ.தான். மருந்து எடுத்து மூன்று மாதமானவருக்கு அது ‘உண்டு’ என்று சொன்னால் உயிரோடு உண்டா என்று தெரியாது. எந்தெந்த மருந்துக்கு அசையும் என்று முழுமையாகப் பார்க்கவும் உயிருள்ள கிருமி கையில் வேண்டும். வெலிசரையில் உள்ள தேசிய காசநோய் உசாத்துணை ஆய்வுகூடத்தில் கல்ச்சர் வேலை நிற்காமல் நடப்பது அதனால்தான்.

வீட்டில் ஒருவர் காசநோய்க் குளிசை தொடங்கி ஒரு மாதம். கெலவல்லாக் கறி சாப்பிட்ட அரை மணித்தியாலத்தில் அவருக்கு முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்தது. குளிசை ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்தலாமா?
– வாசகி, மட்டக்குளி

நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியது மீனுக்கும், காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட்டுக்கும் இடையில் வரும் மோதலுக்கு அப்படியே பொருந்துகிறது. இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் நம் நாட்டு மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட முக்கியமானவர். 1970களின் பிற்பகுதியிலிருந்து அவர் இதைப் பதிவு செய்தார். கெலவல்லா, பலயா போன்ற சூரை இன மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் அதிகம். ஐஸ் போதாமல் கிடந்தால் பற்றீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாதாரணமாக நம் குடலில் உள்ள ஒரு நொதியம் அந்த ஹிஸ்டமினை உடைக்கும். ஐசோனியசிட் அந்த நொதியத்தைத் தடுக்கிறது. மற்றவர்கள் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத அதே சட்டிக் கறி இவருக்கு மட்டும் வேலைகாட்டுவது இதனால்தான்.

கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மணமும் சுவையும் மாறாமலே இருக்கலாம். மருந்து முடியும்வரை சூரை வகைகளை விடுங்கள். மாசியும் பலயாவில் செய்வதுதான், சம்பலில் அதையும் தவிருங்கள். விளைமீன், கொடுவா போன்றவற்றைப் புதிதாக வாங்கிச் சமைக்கலாம். மறுபடி இப்படி வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், ஒவ்வாமைக்கான மருந்தில் பெரும்பாலும் அடங்கும். போகும்போது குளிசை அட்டையையும் கொண்டு போய், சாப்பிட்ட மீன் எது என்று சொல்லுங்கள்.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது றிபம்பிசினின் நிறம், பயமில்லை. கண் மஞ்சளாவது, தொடர் வாந்தி, பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போவது ஆகிய எதற்கும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டில் மீன் தொட்டி உண்டு. விரலில் கீறலாகத் தொடங்கி இரண்டு மாதமாக ஆறாத புண். இப்போது முன்கையிலும் வரிசையாக முடிச்சுகள். சீழ்ப் பரிசோதனையில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்துவிட்டது.
– வாசகர், கல்கிசை

தொட்டியைப் பற்றி வைத்தியரிடம் சொன்னீர்களா? அந்த ஒரு சொல் பரிசோதனையையே மாற்றும். மீனுக்கு நோய் தரும் மைக்கோபற்றீரியம் மெரினம், கீறல் வழியே நுழைந்து, இரண்டு நான்கு கிழமை கழித்து முடிச்சாகி, நிணநீர் வழியே கோர்வையாக மேலே ஏறும். இது விரும்புவது 30 பாகையை. குளிர்ந்த விரலிலும் கையிலும் நிற்பது அதனால்தான். வழக்கமான சீழ்க் கல்ச்சர் 37 பாகையில் இரண்டு நாள் வைத்து முடித்துவிடப்படும். அதில் இது வராது.

பஞ்சுக் குச்சியில் எடுத்த சீழ் வேண்டாம், மெழுகுச் சுவர்க் கிருமி பஞ்சிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். சிறு துண்டு தசை எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு போத்தலில். ஒன்று இழைய ஆய்வுக்காகப் போமலினில், மற்றது கல்ச்சருக்காகக் கிருமி நீக்கிய உப்புநீர் சில துளியோடு. இரண்டையும் போமலினில் போட்டுவிடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. போமலின் பட்ட கிருமி வளரவே வளராது, நோயாளியை மறுபடி வெட்ட வேண்டிவரும். கோரிக்கைப் படிவத்தில் ‘மீன் தொட்டி, மைக்கோபற்றீரியா கல்ச்சர், 30 பாகையிலும் வைக்கவும்’ என்று எழுதச் சொல்லுங்கள். குணமாகும், ஆனால் மருந்து சில மாதம் எடுக்கும். மனிதரிலிருந்து மனிதருக்கு இது பரவாது. இனித் தொட்டியைக் கழுவும்போது முழங்கை வரை கையுறை. குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறைக்க வேண்டாம்.

ஊசி போட்ட இடத்திலோ சிறு சத்திரசிகிச்சைத் தழும்பிலோ சில கிழமை கழித்துக் கட்டி எழும்பி, கல்ச்சரில் ஒன்றும் வராவிட்டாலும் இதே பேச்சுத்தான். மைக்கோபற்றீரியம் அப்செசஸ், மைக்கோபற்றீரியம் போர்ச்சுயிற்றம் ஆகியவை நீரில் வாழும் சொந்தங்கள், மூன்று முதல் ஏழு நாளில் வளர்பவை. குளோரினையும் ஓரளவு தாங்கும். கருவியைக் கிருமி நீக்கிய பின் பைப் தண்ணீரில் அலசினால் அவற்றை மறுபடி ஏற்றுகிறோம்.

ஹெந்தளை தொழுநோய் வைத்தியசாலைக்கு அருகில் வளர்ந்தவன். இத்தனை காலமாகியும் தொழுநோய்க் கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்க்க முடியவில்லை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், வத்தளை

உண்மை. 1708இல் ஒல்லாந்தர் காலத்தில் திறந்த வைத்தியசாலை அது. நோர்வேயில் ஹன்சன் கிருமியைக் கண்டது 1873இல். இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் அது வளரவில்லை. தனியே வாழத் தேவையான பரம்பரையலகுகளில் பெரும்பகுதியை இழந்துவிட்ட கிருமி, உயிர்க் கலத்துக்குள் மட்டுமே பிழைக்கும். ஒரு இரட்டிப்புக்கு ஏறக்குறைய இரண்டு கிழமை. ஆய்வாளர்கள் எலியின் பாதத்திலும், உடல் வெப்பம் குறைந்த ஆமடில்லோ என்ற அமெரிக்க விலங்கிலும் வளர்க்கிறார்கள்.

நோயறிய வளர்க்கத் தேவையில்லை. உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமல், தடித்த நரம்பு, தேவைப்பட்டால் காதுமடலில் சிறு கீறலிட்டு எடுத்த பாயத்தில் சாயமிடல், இவை போதும். மருந்து ஆறு அல்லது பன்னிரண்டு மாதம், இலவசம். தேமலில் ஊசி குத்தினாலும் நோகவில்லை என்றால் பூசுமருந்து வாங்கிக்கொண்டு இருக்காதீர்கள், தோல் நோய் கிளினிக்குக்குப் போங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கான மருத்துவப் பரிசோதனையில் மன்ரோ ஊசி (காசநோய்க் கிருமிக்கான தோல் பரிசோதனை) போட்டார்கள், கை நன்றாகச் சிவந்துவிட்டது. பிறந்ததும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டதாலா, காசநோயா?
– மாணவர், தெமட்டகொடை

சிவப்பை யாரும் அளக்கக் கூடாது. தடிப்பை மட்டும் அளக்க வேண்டும். பி.சி.ஜி. தடிப்பைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் பிறந்தவுடன் போட்டதன் தாக்கம் வயதோடு குறைந்துவிடும். சந்தேகமானால் இரத்தத்தில் செய்யும் இன்ரபெரோன் காமாப் பரிசோதனை உண்டு. அதில் பயன்படும் இரு புரதங்கள் பி.சி.ஜி. கிருமியில் இல்லை, ஆகவே தடுப்பூசி அதைக் குழப்பாது. மெரினத்தில் அவை உண்டு என்பதால் மேலே கேட்ட மீன் தொட்டி வாசகருக்கு அது குழப்பலாம். இரண்டு பரிசோதனையும் கிருமி உடம்புக்குள் எப்போதோ வந்ததா என்றுதான் சொல்லும், இப்போது நோயா என்று சொல்லாது. அதற்கு எக்ஸ்றேயும் சளியும் வேண்டும்.

ஊசி போட்டு 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கும் முறை இது: முழங்கையை இலேசாக மடக்கி, குமிழ்முனைப் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். முனை தடைபட்டு நிற்கும் இடத்தில் நிறுத்தி, எதிர்ப் பக்கத்திலிருந்தும் அப்படியே செய்து, இரு கோட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கையின் குறுக்காக மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். தடிப்பே இல்லையானால் 0 என்று எழுத வேண்டும். உங்கள் அறிக்கையில் எண் இல்லாமல் ‘பொசிற்றிவ்’ என்று மட்டும் இருந்தால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.